வயரைப் பிடுங்கிவிட்டுக் கேளுங்கள்

விருந்தாளி வந்து உட்கார்ந்த பிறகுதான் எங்கள் வீட்டுப் பாட்டுப் பெட்டி செத்துப்போயிருப்பது தெரிந்தது.

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பையன் அவர். அவருடைய தாத்தா எங்கள் பக்கத்தில் பேர்போன கூத்துக்காரர். கர்ணன் வேஷம் என்றால் அவர்தான். இறந்து பதினெட்டு வருடமாகிறது. வீட்டில் தாத்தாவின் போட்டோ இருக்கிறது, குரல் இல்லை. குரல் எங்கள் வீட்டில் இருந்தது. பாலக்கோடு பக்கம் முப்பது வருடம் மைக் செட் வைத்திருந்த என் அப்பா, கூத்து நடக்கும் இரவுகளில் ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஒரு வயரை இழுத்து டேப்ரிக்கார்டரில் செருகிப் பதிந்து வைத்திருந்தார். 2020 பொது முடக்கத்தில் பெங்களூரு அறையைக் காலி செய்துவிட்டு தருமபுரிக்கு வந்து, வீட்டிலிருந்தே வேலை பார்த்த மாதங்களில், அந்தக் கேசட்டுகளை ஒவ்வொன்றாகக் கணினிக்கு மாற்றினேன். விஷயம் காதுக்குக் காது போய், போன வருடம் ஆடி மாதத்து ஞாயிறு ஒன்றில் அவர் பைக்கில் வந்து இறங்கினார்.

காபி கொடுத்துவிட்டு செயலியைத் திறந்தேன். இந்தக் கருவிக்கான சேவை நிறுத்தப்பட்டுவிட்டது, இத்தனை காலம் எங்களோடு இருந்ததற்கு நன்றி என்று ஒரு வாசகம் வந்து நின்றது. பெட்டியில் விளக்கு எரிகிறது. வைஃபை பிடிக்கிறது. ஆம்ப் சரி, ஸ்பீக்கர் சரி. பாட்டு மட்டும் வராது.

அப்பா எட்டிப் பார்த்தார்.

"ஃப்யூஸ் பாத்தியா?"

"ஃப்யூஸ் இல்லப்பா. கம்பெனிக்காரன் சர்வர நிறுத்திட்டான்."

"அவன் எங்க இருக்கறான்?"

"எங்கியோ."

"பாட்டு எங்க இருக்குது?"

"நம்ம ஹார்ட் டிஸ்க்குல. அந்த மேசை மேலதான்."

"பொட்டி?"

"அதும் இங்கதான்."

"அப்பறம் எங்கியோ இருக்கறவன் என்னாத்துக்கு?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பன்னிரண்டு வருடமாக சர்வர் பக்கத்து மென்பொருள் எழுதிச் சம்பாதிக்கிறவன் நான். ஒரு சேவையை இழுத்து மூடும் வேலையை இரண்டு முறை என் கையாலேயே செய்திருக்கிறேன். எங்கள் தொழிலில் அதற்கு 'சன்செட்' என்று அழகான பெயர் வைத்திருக்கிறோம். சூரியனாவது மறுநாள் காலையில் வரும்.

வீட்டு ஹைஃபைக்கு எந்த ஸ்ட்ரீமர் வாங்கலாம் என்று நண்பர்கள் என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கேட்கிற எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "எது நல்லா கேக்கும்?" அது தப்பான கேள்வி என்று சொல்வதற்குத்தான் இந்தக் கட்டுரை. கேட்க வேண்டியது என் அப்பா கேட்டது. எங்கியோ இருக்கறவன் என்னாத்துக்கு?

*

முதலில் 'நல்லா கேக்கும்' என்பதை முடித்துவிடுவோம். ஸ்ட்ரீமரின் வேலை, எண்களாக இருக்கும் பாட்டை இணையத்திலிருந்தோ வீட்டு வட்டிலிருந்தோ எடுத்து வந்து ஆம்ப் இருக்கும் இடத்தில் சேர்ப்பது. அது ஒரு தபால்காரர். தபால்காரர் சைக்கிளில் வந்தாலும் புல்லட்டில் வந்தாலும் கடிதத்தில் எழுத்து மாறாது.

மாறும் என்று சொல்லிப் பிழைக்கும் ஒரு தொழிலே உலகத்தில் இருக்கிறது. ஹைஃபைக்காகவே செய்த நெட்வொர்க் ஸ்விட்ச், ஹைஃபைக்காகவே முறுக்கிய லேன் கேபிள், எல்லாம் விற்கிறார்கள். இந்தக் குழாய்க்குள் என்ன ஓடுகிறது என்பது தெரிந்து சம்பளம் வாங்குகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: தரவு சிறு சிறு பொட்டலங்களாக வருகிறது. ஒவ்வொரு பொட்டலத்திலும் சரிபார்க்க ஒரு கணக்கு எழுதியிருக்கும். கணக்கு உதைத்தால் அந்தப் பொட்டலம் திரும்பக் கேட்டு வாங்கப்படும். வந்து சேர்ந்தவை கருவியின் நினைவகத்தில் தேங்கி நின்று, அங்கிருந்து கருவியின் சொந்தக் கடிகாரத்தின் தாளத்துக்கு வெளியே போகும். உங்கள் சம்பளமும் இதே கேபிளில்தான் வருகிறது. மலிவான கேபிள் என்பதால் எந்த மாதமாவது சம்பளம் கொஞ்சம் இனிமை குறைந்து வந்ததுண்டா?

அடுத்தது 'ஹை ரெஸ்'. 1982இல் சந்தைக்கு வந்த சிடி, ஒலியை ஒரு நொடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் 16 பிட்டில் எழுதியது. இதில் 22 கிலோஹெர்ட்ஸ் வரை உள்ள ஒலியை முழுதாகப் பிடிக்கலாம். நல்ல காதுள்ள இளைஞருக்கே உச்சி 20 கிலோஹெர்ட்ஸ்தான். எனக்கு முப்பத்தேழு வயது. 15க்கு மேல் எனக்கு எதுவும் இல்லை. அப்பாவுக்கு, குழாய் ஸ்பீக்கர் கட்டிய மரத்தடியிலேயே படுத்துத் தூங்கிய புண்ணியத்தில், அதில் பாதிகூடத் தேறாது. 192 கிலோஹெர்ட்ஸ் என்று பெட்டியின் நெற்றியில் ஒட்டியிருக்கும் எண் எங்கள் வீட்டில் யாருக்காக? பல்லிக்காகவா?

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். மேயர், மொரான் என்ற இருவர் 2007இல் ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டி இதழில் வெளியிட்ட ஆய்வு புகழ்பெற்றது. உயர் தெளிவு வட்டிலிருந்து நேராக வரும் ஒலி, அதே ஒலியை சிடி தரத்துக்கு இறக்கிக் கொடுத்தது, இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டு எது எதுவென்று கேட்டார்கள். 554 முறையில் சரியாகச் சொன்னது 276. காசு சுண்டிப் பார்த்திருந்தாலும் அவ்வளவு வந்திருக்கும். எதிர்த்தரப்பையும் சொல்லிவிடுகிறேன். 2016இல் ஜோசுவா ரைஸ் 18 ஆய்வுகளின் முடிவுகளைத் திரட்டிக் கணக்குப் போட்டதில், வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பது 52.3 சதவீதத்துக்கு வந்தது. பயிற்சி பெற்ற காதுகள் கொஞ்சம் கூடுதலாகக் கண்டுபிடித்தன. அதாவது பூஜ்யம் இல்லை, ஏதோ இருக்கிறது. அந்த ஏதோவைச் சித்திரை மாதத்துத் தருமபுரியில், மூன்றில் வைத்த மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து கேட்டுவிட முடியும் என்று நம்புகிறவர் தாராளமாக வாங்கட்டும்.

இந்த மோகத்தை விற்ற கதைக்கு ஒரு நல்ல முடிவும் உண்டு. 2014இல் எம்க்யூஏ என்று ஒரு வடிவம் வந்தது. ஸ்டுடியோவில் கேட்டதை அப்படியே தருகிறோம் என்றார்கள். அதை முழுதாகப் பிரித்துக் கேட்க உரிமம் பெற்ற கருவி வேண்டும் என்றார்கள். அதற்காகவே ஆட்கள் பெட்டி மாற்றினார்கள். 2023 ஏப்ரலில் அந்த நிறுவனம் திவால் நிர்வாகத்துக்குள் போனது. 2024 ஜூலையில் டைடல் அந்த வடிவத்தைக் கைவிட்டு, யாருக்கும் உரிமத்தொகை கட்டத் தேவையில்லாத ஃப்ளாக்குக்குப் போனது. ஃப்ளாக் 2001இலிருந்து இலவசமாகக் கிடைக்கிறது. டைடல் இந்தியாவில் கடை திறக்கவே இல்லை என்பது வேறு விஷயம். வெளிநாட்டு மதிப்புரையைப் படித்துவிட்டு, இங்கே கிடைக்காத ஒரு சேவைக்காக, அங்கே செத்துப்போன ஒரு வடிவத்தைப் படிக்கும் பெட்டியை வாங்கிய நண்பர் எனக்கு உண்டு. அவர் இந்தக் கட்டுரையைப் படிப்பார். மன்னிக்கவும் அண்ணா.

அப்படியானால் ஒலியில் வித்தியாசமே கிடையாதா? உண்டு. ஸ்பீக்கரில் உண்டு. அறையில் இன்னும் அதிகம் உண்டு. நம் வீடுகள் கான்கிரீட் தளம், டைல்ஸ் தரை, வெற்றுச் சுவர். கை தட்டினால் அறை திருப்பித் தட்டும். தரையில் கெட்டியான ஜமக்காளம், எதிர்ச்சுவரில் புத்தக அலமாரி, மூலையில் சுருட்டி நிறுத்திய இலவம்பஞ்சு மெத்தை, இவை செய்யும் மாற்றத்தை எந்த ஸ்ட்ரீமரும் செய்யாது. பாட்டை எப்படிப் பதிந்தார்கள், பிறகு எப்படிக் கெடுத்தார்கள் என்பதிலும் உண்டு. இரைச்சல் நீக்குகிறேன் என்று பாடகரின் மூச்சையும் சேர்த்து நீக்கிய பழைய பாடல்கள் செயலிகளில் ஏராளம். தபால்காரரை மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது.

*

ஆக, எல்லாத் தபால்காரரும் ஒன்றா? இல்லை. ஒருவர் உங்கள் ஊர்க்காரர். இன்னொருவர், தலைமை அலுவலகம் தினமும் காலையில் அனுமதி கொடுத்தால்தான் உங்கள் தெருவுக்குள் வருவார். இந்த இரண்டாமவர்களின் இடுகாட்டைக் கொஞ்சம் சுற்றிப் பார்ப்போம்.

கூகுள் 2015இல் க்ரோம்காஸ்ட் ஆடியோ என்று உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு வட்டத்தை 35 டாலருக்குக் கொண்டுவந்தது. பழைய ஆம்ப் எதிலும் செருகலாம். நல்ல கருவி, இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. 2019 ஜனவரியில் உற்பத்தியை நிறுத்தினார்கள். 2025 மார்ச்சில் ஒரு நாள் உலகம் முழுவதும் அந்த வட்டங்கள் வேலை செய்ய மறுத்தன. காரணம், கருவி உண்மையானதுதானா என்று சரிபார்க்கும் டிஜிட்டல் சான்றிதழுக்குப் பத்து வருட ஆயுள் போட்டிருந்தார்கள். பத்து வருடம் முடிந்துவிட்டது. புதுப்பிக்க யாருக்கும் நினைவில்லை. சில நாட்களில் கூகுள் மென்பொருள் அனுப்பிச் சரிசெய்தது. நல்லது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த வட்டத்தில் எந்த உறுப்பும் கெடவில்லை. ஒரு தேதி கடந்தது, அவ்வளவுதான். பிழைத்ததும் அவர்கள் மனமிரங்கியதால்தான்.

சோனோஸ் கதை இன்னும் கசப்பு. பழைய கருவியை 'மறுசுழற்சி நிலை'யில் போட்டால் புதியதற்கு 30 சதவீதம் தள்ளுபடி என்றார்கள். அந்த நிலையில் போட்டால் 21 நாளில் கருவி நிரந்தரமாக முடங்கும். நன்றாகப் பாடிக்கொண்டிருக்கும் பெட்டியை, உரிமையாளர் கையாலேயே கொல்லவைத்து, அதற்குச் சுற்றுச்சூழல் அக்கறை என்று பெயர். எதிர்ப்பு வந்து 2020இல் கைவிட்டார்கள். 2024 மே மாதம் செயலியைப் புதுப்பிக்கிறேன் என்று, அதுவரை இருந்த பல வசதிகளைப் பிடுங்கினார்கள். அதில் வீட்டிலுள்ள சொந்தப் பாடல் தொகுப்பைக் கையாள்வதும் ஒன்று. அந்தக் கோபம் ஓயாமல் 2025 ஜனவரியில் தலைமை நிர்வாகி பதவி விலகினார். ஸ்பாட்டிஃபை காருக்காக விற்ற 'கார் திங்' என்ற கருவியை 2024 டிசம்பரில் மொத்தமாக முடக்கியது. வாங்கியவர்களுக்குச் சொன்ன யோசனை: முறைப்படி குப்பையில் போடுங்கள்.

கருவிகள் மட்டுமா? பாடல் கடைகளும் இதே இடுகாட்டில்தான். ஃப்ளிப்கார்ட் 2012இல் ஃப்ளைட் என்று எம்பி3 பாடல்கள் விற்கும் கடை திறந்தது. நம் நாட்டில் காசு கொடுத்துப் பாட்டு வாங்கிச் சொந்தமாக வைத்துக்கொள்ள ஒரு நேர்மையான வழி. 2013 ஜூனில் மூடினார்கள். கூகுள் ப்ளே மியூசிக் 2020இல் போனது. ஏர்டெலின் விங்க் 2024இல் போனது. ஆனால் ஃப்ளைட்டில் வாங்கி இறக்கிய எம்பி3 இன்றும் பாடும், விங்க்கில் ஆறு வருடம் பார்த்துப் பார்த்துச் சேர்த்த பட்டியல் பாடாது. வாங்கியதற்கும் வாடகைக்கு எடுத்ததற்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான்.

இனி, செத்தும் பிழைத்த ஒருவரைப் பற்றி. ஸ்லிம் டிவைசஸ் என்ற சின்ன கலிஃபோர்னிய நிறுவனம் 2001இலேயே வீட்டு ஹைஃபைக்கு நெட்வொர்க் பாட்டுப் பெட்டி செய்தது. பிறகு ஸ்குவீஸ்பாக்ஸ் என்ற பெயரில் வந்தது. 2006இல் லாஜிடெக் நிறுவனத்தை வாங்கியது, 2012இல் உற்பத்தியை நிறுத்தியது, 2024இல் இணையத்திலிருந்த சர்வரையும் மூடியது. அதே 2024, அதே சன்செட். ஆனால் ஸ்குவீஸ்பாக்ஸ் இன்னும் பாடுகிறது. பெட்டியை இயக்கும் சர்வர் மென்பொருளை ஆரம்பத்திலிருந்தே திறந்த மூலமாக வைத்திருந்தார்கள். உங்கள் வீட்டுக் கணினியிலேயே நிறுவிக்கொள்ளலாம். லாஜிடெக் கையைக் கழுவியதும் பயனர்கள் அதை எடுத்து லிரியன் என்று பெயர் மாற்றி வளர்க்கிறார்கள். கார் திங் குப்பைக்குப் போன அதே வருடத்தில், அதைவிட வயதான ஒரு பெட்டி பிழைத்துக்கொண்டது. ஒலித்தரம் அதைக் காப்பாற்றவில்லை. சாவி வீட்டுக்காரர் கையில் இருந்தது, அதுதான் காப்பாற்றியது.

*

"எல்லாம் சரி, இப்ப எல்லாப் பாட்டும்தான் ஸ்ட்ரீமிங்ல இருக்கே, சொந்தமா வெச்சு என்ன பண்ணப்போறே?" என்பது அடுத்த கேள்வி. நானும் சந்தா கட்டுகிறேன். ஆப்பிள் மியூசிக் 2021 ஜூனில் கூடுதல் காசில்லாமல் இழப்பில்லாத தரம் கொடுத்தபோது மகிழ்ந்தவன்தான். புதுப் பாட்டு தேட அதைவிட வசதி இல்லை. கேசட் காலம் பொற்காலம் என்று கண்ணீர் விடும் கூட்டத்திலும் நான் இல்லை. பஸ் ஸ்டாண்டு பக்கத்து ரெக்கார்டிங் சென்டரில் லிஸ்ட் எழுதிக் கொடுத்து, நான்கு நாள் நடந்து, கடைசியில் பாதிப் பாட்டு வேறாக இருந்த கேசட்டோடு வீடு திரும்பியவன் நான். அது முழுக்கத் திருட்டுப் பதிவு என்பதையும் மறைக்க வேண்டாம்.

ஆனால் 'எல்லாப் பாட்டும்' என்பது பொய். அந்தச் செயலிகளின் மூளை, கலைஞர், ஆல்பம், பாட்டு என்ற வரிசையில் யோசிக்கிறது. நாம் அப்படி யோசிப்பதில்லை. படம், இசையமைப்பாளர், பாடியவர், எழுதியவர் என்று நமக்கு நான்கு வாசல். பாடலாசிரியர் பெயரில் ஒரு தொகுப்பைத் தேடிப் பாருங்கள். ஒரே பாடகியின் பெயர் நான்கு ஆங்கில எழுத்துக்கூட்டலில் நான்கு பேராக நிற்பதைப் பாருங்கள். என் வட்டில் இருக்கும் பாட்டுக்கு நான் தமிழில் பெயர் எழுதி, நான்கு வாசலும் திறந்து வைத்திருக்கிறேன்.

அதையும் விடுங்கள். எங்கள் கூத்து எந்தச் செயலியில் இருக்கிறது? திரௌபதி அம்மன் கோயில் பாரதத்தில் பதினெட்டு நாள் நடந்து படுகளத்தில் முடியும் அந்த இரவுகள் எந்தச் சந்தாவில் வரும்? அப்பாவிடம் இருந்த 212 கேசட்டில் பூஞ்சை பிடித்தவை, ஒட்டிக்கொண்டவை, தம்பி மேல்பதிவு செய்து கெடுத்தவை போக 140 தேறின. டெக்கின் தலையில் இருக்கும் சின்ன ஸ்க்ரூவை ஒவ்வொரு கேசட்டுக்கும் கால் திருகு, அரைத் திருகு திருப்பி, சத்தம் துலங்கும் இடத்தில் நிறுத்திவிட்டுத்தான் ஓடவிட வேண்டும். ஒன்றரை மணி நேரக் கேசட்டுக்கு ஒன்றரை மணி நேரம். குறுக்கு வழி கிடையாது. எல்லாம் ஃப்ளாக்காகி ஏறக்குறைய எழுபது ஜிபி. சட்டைப் பைக்குள் போகும் பென்டிரைவில் ஒரு வட்டாரத்தின் பதினைந்து வருட இரவுகள். ஒலித்தரம் பற்றிக் கேட்காதீர்கள். மத்தளத்துக்கு மேல் முகவீணை கத்துகிறது, அதற்கும் மேல் ஒரு குழந்தை அழுகிறது, நடுவில் அப்பா இருமுகிறார். முகவீணை வாசிப்பது யார் என்று, பாதிக்காது மந்தமான அப்பா மூன்றாவது நொடியில் சொல்லிவிடுகிறார்.

என் ஸ்ட்ரீமர் இதைத்தான் பாட வேண்டும். எங்கியோ இருப்பவனுக்கு இது இருப்பதே தெரியாது. தெரியாதவன் எதற்கு இதன் வாசலில் காவலுக்கு நிற்கிறான்?

இங்கே நம் இலக்கிய நண்பர்கள் கிண்டலடிக்கும் ஒரு பெட்டிக்கு ஆதரவாக ஒரு வார்த்தை. சரிகம நிறுவனம் 2017இல் கொண்டுவந்த கார்வான். தமிழிலும் வந்தது. உள்ளேயே ஐயாயிரம் பாட்டு. திருகினால் பாடும். தாத்தா ரேடியோ என்று சிரிக்கிறோம். ஆனால் இணையம், கணக்கு, கடவுச்சொல் எதுவும் அது கேட்பதில்லை. பென்டிரைவ் செருகினால் உங்கள் பாட்டையும் பாடுகிறது. ஐம்பதாயிரம் ரூபாய் ஸ்ட்ரீமர் பல தோற்றுப்போகும் தேர்வில் அது தேறுகிறது. அதன் ஸ்பீக்கர் ஹைஃபை அல்ல என்பது உண்மை. அதைச் செய்தவர்களுக்கு வீட்டில் யார் பாட்டு கேட்கிறார்கள் என்று தெரிந்திருந்தது என்பதும் உண்மை.

*

அந்தத் தேர்வு இதுதான். ரூட்டரை அணைக்காதீர்கள். அதன் பின்னால் வெளியிலிருந்து வரும் இணைய வயரை மட்டும் பிடுங்குங்கள். வீட்டுக்குள் வைஃபை இருக்கும், உலகம் இருக்காது. இப்போது உங்கள் வட்டில் உள்ள பாட்டைப் பெட்டி பாடுகிறதா? அப்படியே பெட்டியை ஒரு முறை அணைத்துப் போட்ட பிறகும் பாடுகிறதா? கடையில் இதைச் செய்துகாட்டச் சொல்லுங்கள். விற்பவர் முகம் மாறினால் எழுந்து வந்துவிடுங்கள்.

மேலும் நான்கு கேள்வி. நிறுவனத்தில் கணக்குத் திறக்காமல் பெட்டி இயங்குமா? அவர்களுடைய செயலி நாளை மறைந்தால், யூபிஎன்பி போன்ற பொது மொழியிலோ சாதாரண உலாவியிலோ அதோடு பேச முடியுமா? ஸ்ட்ரீமர், டாக், ஆம்ப் மூன்றும் ஒரே உடலா, அல்லது ஒன்று செத்தால் மற்றவை பிழைக்குமா? எண்களை மின்னலையாக மாற்றும் டாக் இன்று மலிவு. அதற்காக எல்லாவற்றையும் ஒன்றாய்ப் பூட்டிய பெட்டி வாங்காதீர்கள். கடைசியாக, போனைத் தொடாமல், கையால் அமுக்கிப் பாடவைக்க ஒரு பொத்தானாவது உண்டா? கடைசிக் கேள்வி உங்களுக்கானதல்ல, உங்கள் வீட்டிலிருப்பவர்களுக்கானது.

"உனக்கு லினக்ஸ் தெரியும், பேசுவே" என்று நண்பர் ஒருவர் சொன்னார். நியாயம். செத்த பெட்டிக்குப் பதில் நான் வைத்திருப்பது ஒரு ராஸ்பெர்ரி பை, அதன் மேல் ஒரு டாக் பலகை, உள்ளே பைகோர்பிளேயர், பக்கத்தில் லிரியன் ஓடும் பழைய மடிக்கணினி. கணினியை விட்டுவிட்டால் எட்டாயிரத்துச் சொச்சம். இரண்டு ஞாயிறு போனது. முதல் ஞாயிறு முழுவதும் வட்டைப் படிக்க அனுமதி இல்லை என்ற பிழையோடு மல்லுக்கட்டினேன். ஒரு நாளைக்கு நான்கு முறை போகும் கரண்டில் எஸ்டி கார்டு கெடுமே என்று பயந்தேன். பைகோர்பிளேயர் எல்லாவற்றையும் நினைவகத்தில் ஏற்றிக்கொண்டு ஓடுவதால் சட்டென்று கரண்ட் போனாலும் கார்டுக்கு ஆபத்து குறைவு என்று தெரிந்து நிம்மதியானேன். வட்டின் பிரதி ஒன்று பெங்களூரில் இருக்கிறது. இதெல்லாம் எல்லோருக்கும் முடியாது, முடிய வேண்டியதுமில்லை. ஒரு பழைய மடிக்கணினியின் ஹெட்போன் துளையிலிருந்து ஆம்ப்புக்கு ஒரு வயர் போதும். அதுவும் ஸ்ட்ரீமர்தான். ரெடிமேட் பெட்டிதான் வேண்டும் என்றால் அந்த ஐந்து கேள்வியைக் கேட்டு வாங்குங்கள். தேறும் பெட்டிகள் எல்லா விலையிலும் இருக்கின்றன.

ஆனால் பொறுப்பை வாங்குகிறவன் தலையில் மட்டும் கட்டக் கூடாது. ஒன்றிய அரசின் நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் பழுதுநீக்கும் உரிமைக்கென்று ஓர் இணையவாசல் திறந்தது. உதிரிபாகம் எங்கே கிடைக்கும், யார் பழுது பார்ப்பார்கள் என்ற விவரம் கிடைக்கும். நல்ல தொடக்கம். ஆனால் என் பெட்டியில் எந்த உதிரிபாகமும் கெடவில்லையே. சர்வரை மூடினால் பெட்டி சாகும் என்றால், மூடுவதற்கு முன் பூட்டைத் திறந்துவிட்டுப் போ என்று சட்டம் சொல்ல வேண்டும். ஒன்று, சர்வர் மென்பொருளைப் பொதுவில் வை. அல்லது, வீட்டுக்குள்ளேயே இயங்கும் வகையில் கடைசியாக ஓர் அப்டேட் கொடு. சன்செட் செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இது பெரிய வேலை இல்லை. செய்யச் சொல்லி யாரும் எங்களைக் கேட்பதில்லை, அதனால் செய்வதில்லை.

*

எங்கள் ஊரின் பழைய பெயர் தகடூர். அதியமானின் ஊர். அவன் சார்பாக ஒளவை தொண்டைமானிடம் தூது போனபோது, தொண்டைமான் தன் ஆயுதக் கொட்டிலைப் பெருமையாகக் காட்டியதை ஒட்டிய பாட்டு புறநானூற்றில் 95ஆவதாக இருக்கிறது. இங்கே இருப்பவை மயில்பீலி சூட்டி, நெய் பூசி, காவலுள்ள மாளிகையில் இருக்கின்றன, எங்கள் தலைவனுடையவையோ முனை முறிந்து எப்போதும் கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறாள் அவள். ஹைஃபை மதிப்புரைகளின் பளபளப்பான படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த இரண்டு கொட்டில்களும் நினைவுக்கு வரும். பட்டறைக்குப் போய்வர முடிகிற பெட்டிதான் எனக்கு வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நான் போனில் சர்வரைத் திட்டிக்கொண்டிருந்தபோது அப்பா மாடிப்படிக்குக் கீழே போனார். சாக்கு மூட்டையை விலக்கி, 1988இல் வாங்கிய அஹுஜா ஆம்ப்பை இழுத்து வந்தார். தூசியை ஊதினார். பாலக்கோட்டில் மூன்று முறை, சேலத்தில் ஒரு முறை பிரித்துச் சேர்த்த ஆம்ப் அது. என் மடிக்கணினியை வாங்கி, ஹெட்போன் துளையில் ஒரு வயரைச் செருகி, மறுமுனையை ஆம்ப்பின் பின்னால் வைத்து, ஒரு பக்கத்து ஸ்பீக்கரை மட்டும் இணைத்தார்.

"இப்பப் போடு."

போட்டேன். கொஞ்ச நேரம் ஹம் சத்தம். பிறகு மத்தளம். திரைக்குப் பின்னாலிருந்து கர்ணன் பாடிக்கொண்டு வந்தான். அந்தப் பையன் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். ஒரு பக்கம் முடியும் வரை, நாற்பத்தைந்து நிமிடம், எதுவும் பேசவில்லை. முடிந்ததும் கேட்டார்:

"அண்ணா, இத எங்கம்மா கேக்கணும். எங்க வூட்ல நெட்டு கெடையாது. இது பாடுமா?"

பென்டிரைவில் போட்டுக் கொடுத்தேன்.